சேலைப் போர்வையில் விழுந்த சுருக்கம்

ஜூனில் கல்லூரி விடுதிக்குப் போகும் மகளுக்காக, என் மாமியாரின் பழைய சுங்குடிச் சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்தேன். நடுவில் ஒரு பழைய பருத்திப் போர்வை. இயந்திரத்தில் ஓட்டும்போதெல்லாம் மேல்துணி பின்தங்கி, குறுக்குத் தையல் வரும் இடங்களில் மடிப்பு விழுந்தது. பிரித்துத் தைத்தால் மறுபடியும் அதேதான். அழுகையே வந்துவிட்டது.

காரணம் எளிது: அடித்துணியை ஊசிக்குக் கீழே இருக்கும் இயந்திரத்தின் பற்கள் இழுக்கின்றன, மேல்துணியை ஊசியை ஒட்டியிருக்கும் 'பாதம்' என்ற பாகம் அழுத்திப் பிடிக்கிறது. நடுவிலிருக்கும் துணி இரண்டுக்கும் இடையில் வழுக்குகிறது.

அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியவில்லை. ஆனாலும் துணி பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தித்தான் கூடத்தில் விரித்தோம். சின்னவன் முணுமுணுத்தான். "மூலையைப் பிடிடா கண்ணு, அக்காவுக்குத்தானே" என்று மாமியார் அவனை உட்கார வைத்தார். எனக்கு அந்த ஒரு மாலையே போதும்.

மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, ஒரு சாண் இடைவெளியில் கையால் நீள ஓட்டுத் தையல் போட்டோம். இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது. குண்டூசி மட்டும் இவ்வளவு பெரிய துணிக்குப் போதாது. பிறகு 16ஆம் எண் ஊசி, 3 மில்லிமீட்டர் தையல் நீளம். பாதத்தின் அழுத்தத் திருகையும் சற்றுத் தளர்த்தினேன். இயந்திரத் தையலையும் நடுவரிசையிலிருந்தே தொடங்கினேன். மடிப்பு விழவில்லை.

அடியில் நூல் சிக்கினால், பாதத்தைத் தூக்கிவைத்து மேல்நூலை மறுபடி கோத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.