கச்சதீவுக்குப் பை கட்டப் பழகினால் ஆண்டவருக்கும் ஆயத்தமாகலாம்

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு முதல்முறை போனபோது என் பையில் மூன்று சேட்டு, இரண்டு பிஸ்கட் பெட்டி, தடித்த பைபிள் ஒன்று, ஒரு டோர்ச், ஒன்றரை லீற்றர் தண்ணீர் இருந்தன. பையைக் கட்டியது விடிய நாலு மணிக்கு, வள்ளம் வெளிக்கிடுகிற குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில். அந்தத் தீவில் ஊர்மக்கள் குடியிருப்பதில்லை, கடை இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் ஊறுகிற இடமும் இல்லை, ஓர் இரவு வெட்டவெளியில்தான் படுக்கவேண்டும் என்றெல்லாம் எனக்கு முதலே தெரியும். தெரிந்திருந்து என்ன, தண்ணீர் பின்னேரமே முடிந்துவிட்டது. சிலுவைப்பாதை முடிந்து இருட்டினபிறகு டோர்ச்சை அமத்தினேன், எரியவில்லை. மூடியைத் திருகிப் பார்த்தால் பற்றரி கசிந்து, உள்ளே இருந்த சுருள் கம்பியில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்ததுபோலப் பிடித்திருந்தது. பக்கத்தில் இருந்த மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "உதை நேற்று வீட்டிலயே ஒருக்கா அமத்திப் பார்த்திருக்கலாமே தம்பி" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. குருநகர்க் கடலில் முப்பது வருடம் தொழில் செய்தவர், தன் டோர்ச்சை எனக்குத் தந்துவிட்டுச் சாரத்தைப் போர்த்திக்கொண்டு நித்திரைக்குப் போய்விட்டார்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்துப் பத்துக் கன்னியர் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அன்றிரவுதான் அதில் ஒரு விஷயம் பிடிபட்டது. மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப்பேருமே நித்திரையாகிப் போனார்கள், புத்தியுள்ள ஐந்துபேரும் சேர்த்து. அதற்காக ஆண்டவர் அவர்களைக் குறைசொல்லவில்லை. வித்தியாசம் எண்ணெயில்தான் இருந்தது, அந்த எண்ணெய் கடை திறந்திருந்த நேரத்தில் வாங்கி வைத்தது. ஆயத்தம் என்றால் கண்ணை விழித்துக்கொண்டு பயந்துகொண்டு இருப்பது என்றுதான் நம்மில் பலருக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்கு 4இல் புயலுக்குள்ளே படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துப் படுத்திருந்தவரைப் பின்பற்றுகிறவர்கள் நாங்கள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலமோ ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமோ வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். முதல் வேலை செருப்பு. மடு மாதா கோயிலுக்கு நடந்து போனவர்களைக் கேளுங்கள், புதுச் செருப்போடு வெளிக்கிட்டவன் கதை எல்லாரிடமும் ஒன்று இருக்கும். பரந்தன் தாண்ட முன்னமே குதிக்காலில் கொப்புளம். தண்ணீர் இல்லையென்றால் யாரும் ஊற்றித் தருவார்கள், டோர்ச் இல்லையென்றால் மாமா தருவார், பழகின செருப்பை மட்டும் யாரும் இரவல் தரமுடியாது, ஏனென்றால் அது அவர்களுடைய காலுக்குப் பழகினது. எபேசியர் 6இல் பவுல் போர்க்கவசம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போது ஆயத்தத்தைப் பாதரட்சையாகத்தான் சொல்கிறார், அது சும்மா சொன்னதல்ல என்று நினைக்கிறேன். அந்த ஐந்து கன்னியர் எண்ணெயைப் பங்கிட மறுத்தது கருமித்தனம் என்று முந்தி எனக்கு ஒரு கோபம் இருந்தது. இப்போது இல்லை. செபிக்கிற பழக்கமும் இந்தச் செருப்பு மாதிரித்தான். ஆகவே நாற்பது நாளும் ஒரு மணித்தியாலம் செபிப்பேன் என்று பொருத்தனை வைக்காதீர்கள், மூன்றாம் நாள் கால் வெட்டும். பத்து நிமிஷத்தில் தொடங்குங்கள், ஒரே நேரம், ஒரே கதிரை. சலிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

அடுத்தது வேலி. யாழ்ப்பாணத்தானுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எல்லைக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதில் தொடங்கி மூன்று தலைமுறை கதைக்காமல் இருக்கிற வீடுகள் நம்முடைய ஒவ்வொரு பங்கிலும் உண்டு, ஞாயிறு பூசையில் ஒரே வாங்கில் இருந்துகொண்டு சமாதானம் சொல்கிற நேரம் மற்றப்பக்கம் திரும்புவார்கள். காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. இதைச் செய்யும் முறை எனக்குத் தெரிந்த அளவில் இப்படி: பின்னேரம் போங்கள், காலையில் எல்லாருக்கும் அவசரம். தனியாகப் போங்கள், சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்து. நீங்கள் செய்த பிழையை மட்டும் சொல்லுங்கள், ஒரு வசனம் போதும். "ஆனா நீங்களும்" என்று வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். காணி உறுதியை எடுக்கவே வேண்டாம், அதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். தேத்தண்ணி தந்தால் சீனி காணாவிட்டாலும் முழுவதையும் குடியுங்கள். தராவிட்டாலும் சரி, உங்கள் பக்கத்துச் சுமை இறங்கிவிட்டது. நான் போன இடத்தில் தரவில்லை, படலையில் வைத்தே கதைத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டு முருங்கைக்காய் நாலு எங்கள் மதிலில் இருந்தது.

பிறகு பை. இரவுக்குத் தேவையானது மேலே, மற்றது கீழே, இதுதான் முழு ரகசியமும். இருட்டில் பைக்குள் கையை விட்டால் முதலில் படவேண்டியது டோர்ச். மனதுக்குள்ளும் அப்படி மேலேயே இருக்கிற ஒன்று தேவை, போனில் சார்ஜ் இல்லாத நேரம், ஆசுபத்திரி வராந்தாவில் நிற்கிற நேரம் கைக்கு வருவது. அதற்கு ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்யுங்கள். 23ஆம் சங்கீதம் ஆறே வசனம், 121ஆம் சங்கீதம் எட்டு. ஒரு நாளைக்கு ஒரு வசனம், முந்தின நாளுடையதையும் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பது, சைக்கிள் மிதிக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது, மிதிக்கிற தாளத்தில் ஒட்டிக்கொள்ளும். படலை பூட்டியபடியே சொல்கிற ஒரு கிழவியிடமிருந்துதான் 121 எனக்கு வந்தது, போக்கையும் வரத்தையும் காக்கிற அந்தக் கடைசி வசனத்துக்கு வரும்போது திறப்பு சரியாகத் திரும்பியிருக்கும்.

உணவைப்பற்றி ஒரு சின்ன விஷயம். பிஸ்கட்டை விட்டுவிட்டுப் புழுக்கொடியல் கொண்டு போங்கள். பனங்கிழங்கு கிடைக்கிற காலத்தில் அவித்துக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. செபமும் நன்றியும் தானாக ஊறுகிற நல்ல நாட்கள் வரும், அந்த நாட்களில் ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதி வையுங்கள். ஒன்றும் ஊறாத நாட்களில் அதை எடுத்துச் சப்பலாம், பல் கொஞ்சம் நோகும்.

லூக்கா 12இல் இடுப்பைக் கட்டிக்கொண்டு விளக்கை எரியவிட்டு இருங்கள் என்று வருவதைப் பிரசங்கத்தில் பெரிதாக விளக்குவார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் ஏறினவனுக்கு அந்த விளக்கம் தேவையில்லை. அப்புறம், வள்ளத்தின் முன்பக்கத்துக்கு அணியம் என்று பெயர், அணியமாவது என்றால் தயாராவது என்றும் பொருள். தமிழ் இந்த விஷயத்தை எங்களுக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறது.

கிழமைக்கு ஒருநாள் விடிய நாலு மணிக்கு எழும்பி முற்றத்தில் இருபது நிமிஷம் இருங்கள். இயேசு தண்ணீர்மேல் நடந்து வந்தது இரவின் நாலாம் சாமத்தில், அதாவது மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில். போனை வீட்டுக்குள் வையுங்கள், தேத்தண்ணி வேண்டாம், ஒன்றும் கேட்கவும் வேண்டாம். முதல் பத்து நிமிஷம் நுளம்பைத் தவிர எதுவும் நடக்காது. அதன் பிறகு பனையில் காற்று பிடிக்கிற சத்தம் வாடையா கச்சானா என்று பிரித்துத் தெரியத் தொடங்கும், எந்த வீட்டில் முதலில் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று தெரியும், பிறகு கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும், உங்கள் முறை முடிந்தது, உள்ளே போகலாம். விழித்திருங்கள் என்றால் காதும் சேர்ந்து விழித்திருப்பது என்று இந்த இருபது நிமிஷம் பழக்கும். நான் மாதத்தில் இரண்டு தடவை தவறவிடுகிறேன், அதைக் கணக்கு வைப்பதில்லை.

இதற்கிடையில் வட்ஸ்அப்பில் ஒருவர் உலகம் முடிகிற திகதியை அனுப்புவார். அந்த நாளும் நாழிகையும் ஒருவனுக்கும் தெரியாது என்று ஆண்டவரே சொல்லிவிட்டார், ஆகவே அழித்துவிடுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை யாழ்ப்பாணத்தை மூழ்கடித்தபோது எங்கள் ஒழுங்கையில் எச்சரிக்கையை அதிகம் பேசினவருடைய வீட்டு வாய்க்கால்தான் குப்பையால் அடைத்திருந்தது. வானத்தைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லவில்லை, பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுக்கவேண்டும்.

கடைசி வேலையை அநேகமாக எல்லாரும் விட்டுவிடுவோம். திருவிழா முடிந்து குறிகட்டுவானில் இறங்கி வீடு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டுப் படுப்பதுதான் வழக்கம். மாமா அப்படியில்லை, எவ்வளவு களைப்பென்றாலும் வலையை அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு வருவார். லூக்கா 5இலும் பேதுருவின் ஆட்கள் இரவு முழுக்க ஒரு மீன்கூடப் படாமல் வந்து வலை அலசிக்கொண்டுதான் நிற்கிறார்கள், ஆண்டவர் படகைக் கேட்கிறது அந்த நேரத்தில்தான். ஆகவே வந்த அன்றே பையைக் கொட்டுங்கள். ஈரத்தைக் காயப்போடுங்கள். தண்ணீர்க் கானைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அங்கே மனதில் பட்டது என்ன, யாருக்காகச் செபிப்பதாகச் சொன்னீர்கள் என்று கொப்பியில் பெயரோடு எழுதுங்கள், இரண்டு நாள் போனால் மறந்துவிடும். டோர்ச்சின் மூடியைத் திருகிப் பற்றரியைக் கழற்றி வெளியே வையுங்கள்.