நினைவுத் தங்கக் காசு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கக் காசுக்கு இரண்டு விலைகள் உண்டு. உள்ளே இருக்கும் தங்கத்தின் விலை ஒன்று. அரிதாகக் கிடைப்பதாலும் நல்ல நிலையில் இருப்பதாலும் சேகரிப்போர் கூடுதலாகத் தரும் விலை மற்றொன்று. இரண்டாவது விலையைக் கொடுத்து வாங்கிவிட்டு முதல் விலைக்கே விற்க நேர்வதுதான் பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு வட்டாரத்தில் நினைவுக் காசு வாங்குவோர் படும் நட்டத்துக்கு மூலகாரணம். அழகிய பெட்டிக்கும் சான்றிதழுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து வாங்கிய காசை உள்ளூர் நகைக்கடையில் கொடுத்தாலும், வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூரில் கொடுத்தாலும், எடையும் மாற்றும் (தங்கத்தின் தூய்மையும்) பார்த்துத்தான் விலை சொல்வார்கள். வாங்கும்போது கட்டிய 3 விழுக்காடு ஜிஎஸ்டியும் திரும்பி வராது. முதலீடே நோக்கமென்றால் கூடுதல் விலை குறைவாக உள்ள சாதாரணக் காசே போதும் என்பது என் உறுதியான கருத்து.

எடையையும் தூய்மையையும் சேர்த்துப் பார்க்காதது அடுத்த தவறு. தென்னாப்பிரிக்காவின் குரூகராண்ட் 33.93 கிராம் எடையுள்ளது; ஆனால் 22 காரட் என்பதால் அதில் சுத்தத் தங்கம் 31.1 கிராம்தான். கனடாவின் மேப்பிள் லீஃப் காசின் எடையே 31.1 கிராம்; அது 24 காரட். இரண்டிலும் ஒரே அளவு தங்கம்தான் இருக்கிறது என்று அறியாதவர், கனமானதற்கு அதிகம் கொடுத்துவிடுவார். முலாம் பூசியவற்றிலும் கவனம் தேவை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவையொட்டி இந்திய அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நாணயம் வெள்ளிக் கலவையால் ஆனது. அதைப் பொன்னிறத்தில் யாரேனும் காட்டினால் அது வெறும் முலாமே.

பிரிட்டிஷ் சவரன்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1899 முதல் 15 ரூபாய் மதிப்பில் சட்டப்படி செல்லுபடியான இக்காசுகள் பழைய வீடுகளில் இன்றும் கிடைக்கின்றன. 7.98 கிராம் எடையும் 22.05 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை, 22 காரட். காசுமாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்திருந்த சவரன்களில், வளையத்தை எடுத்து விளிம்பைத் தேய்த்த பின்னும் தடம் மறையாது. சேகரிப்போர் அவற்றுக்குக் கூடுதல் விலை தருவது அரிது. விளிம்பு வரிகளை உருப்பெருக்கியால் சுற்றிலும் பார்க்காமல் வாங்கக் கூடாது. புளியோ பூந்திக்கொட்டையோ போட்டுப் பளபளப்பாக்குவதும் மேற்பரப்பைக் கெடுத்து மதிப்பைக் குறைக்கும்.

தங்கம் சுத்தமாக இருந்தாலே காசும் உண்மையானது என்று நம்புவது இவற்றினும் நுட்பமான பிழை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெய்ரூட்டில் அடிக்கப்பட்ட போலிச் சவரன்கள் பலவற்றில் தங்கமும் இருந்தது. உரைகல்லும் கடையிலுள்ள எக்ஸ்ரே கருவியும் மாற்றைத்தான் சொல்லும். காசு எங்கே அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லா. 1918இல் மட்டும் பம்பாயில் அடிக்கப்பட்ட சவரன்களில், ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து சிறியதாக இருக்கும். அத்தகைய குறிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர், பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி போன்ற நிறுவனம் தரம் பிரித்து உறையிட்ட காசையே தேடுவது நல்லது. அந்த உறையின் எண்ணையும் நிறுவனத்தின் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மலபாரின் வீரராயன் பணம் அரை கிராமுக்கும் குறைவான எடையுள்ள சிறு பொற்காசு. இத்தகைய பழங்காசுகளை வாங்குவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நிலத்தில் கிடைத்த புதையலென்று சொல்லி விற்கப்படுவதை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்; புதையலைப் பற்றி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று கேரளத்தின் 1968ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது.

வங்கியில் வாங்கிய காசை அதே வங்கி திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். வங்கிகள் தங்கக் காசைத் திரும்ப வாங்குவதில்லை. ரசீதைப் பத்திரப்படுத்துவதும் அவசியம்; 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால்தான் நீண்டகால மூலதன ஆதாயம் என்பதால், வாங்கிய தேதிக்கு அதுவே சான்று. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் உறவினரிடம் காசு வாங்கி வரச் சொல்வோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விமான நிலையத்தில் கிடைக்கும் சுங்கச் சலுகை நகைகளுக்கே உரியது, காசைக் கணக்கில் காட்டித் தீர்வை செலுத்தித்தான் கொண்டுவர வேண்டும்.