பிராங்கிங் மெஷினில் முதல் நாள்: கவரை எடை போடுவதிலிருந்து கட்டுக் கட்டுவது வரை

புதிதாகத் தபால் மேசைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பிராங்கிங் மெஷின் என்பது ஸ்டாம்புக்குப் பதிலாகத் தபால் கட்டணத்தைக் கவரிலேயே அச்சடிக்கும் கருவி. அது காகிதத்தில் மை அடிக்கவில்லை, பணத்தை அடிக்கிறது. ஒவ்வொரு முத்திரைக்கும் உள்ளே இருக்கும் இருப்பிலிருந்து தொகை கழிந்துவிடும். அச்சு விழுந்த பிறகு அழிக்க முடியாது. அதனால் கவனம் முழுவதும் கவர் உள்ளே போவதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஸ்டாம்ப் ஒட்டினால் தபால் நிலையத்தில் அதன்மேல் தேதி முத்திரை குத்தி ரத்து செய்வார்கள். பிராங்கிங் செய்த கவருக்கு அந்த வேலை இல்லை. கட்டணம், தேதி, மெஷினின் எண் எல்லாம் நம் மேசையிலேயே சிவப்பு மையில் பதிந்துவிடுகின்றன. அமெரிக்காவில் ஆர்தர் பிட்னி 1902-இல் இப்படி ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அங்கே அஞ்சல் துறை அதை ஏற்றுக்கொண்டது 1920-இல்தான். யார் வேண்டுமானாலும் தன் மேசையில் தபால் கட்டணத்தை அச்சடித்துக்கொள்ளலாம் என்றால் எந்த அஞ்சல் துறையும் யோசிக்கத்தானே செய்யும்? இன்றும் இந்த மெஷினை வைத்திருக்க அஞ்சல் துறையின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிப் பத்திரத்தின் நகல் ஒன்றை மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும்போது கைகொடுக்கும்.

காலையில் மெஷினைப் போட்டதும்

முதலில் தேதி. புதிய மெஷின்கள் நள்ளிரவில் தாமாகவே தேதியை மாற்றிக்கொள்ளும், பழையவற்றில் கையால் திருப்ப வேண்டும். எதுவானாலும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முந்தைய நாள் மாலை யாராவது மறுநாள் தேதி வைத்து அடித்துவிட்டுப் போயிருக்கலாம், அது தெரியாமல் இன்னொரு நாள் திருப்பிவிடக் கூடாது.

அடுத்தது கட்டணத் தொகை. இங்கேதான் நான் பட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முந்தைய மாலை கனமான ஒரு பார்சலுக்கு வைத்த தொகை திரையில் அப்படியே இருந்தது. நான் தேதியை மட்டும் பார்த்துவிட்டுச் சாதாரணக் கடிதங்களை வரிசையாக விட்டேன். நாற்பது கவர் தாண்டிய பிறகுதான் திரையைப் பார்த்தேன். நாற்பதிலும் பார்சல் கட்டணம். அன்றிலிருந்து எவ்வளவு அவசரமானாலும் பூஜ்ய மதிப்பில் ஒரு சோதனை முத்திரை அடிக்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. பழைய கவர் ஒன்றை உள்ளே விட்டு அடியுங்கள். தேதி சரியா, எழுத்து உடையாமல் விழுகிறதா, சிவப்பு வெளிறியிருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு கவரில் தெரிந்துவிடும். பிறகு தொகையை வையுங்கள், முதல் கவரை விடுங்கள், எடுத்துப் படியுங்கள். அதன் பிறகு மற்றவை.

பிரிப்பதில்தான் பாதி வேலை

வந்த தபாலை வந்தபடியே மெஷினில் விடாதீர்கள். முதலில் சாதாரணத் தபால், ஸ்பீட் போஸ்ட், வெளிநாட்டுத் தபால் என்று வகை பிரியுங்கள். ஒவ்வொரு வகைக்குள்ளும் அளவும் தடிமனும் ஒன்றாக இருப்பவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒரே கட்டணம் உள்ள கவர்கள் ஒரே அடுக்காகிவிட்டால் தொகையை ஒருமுறை வைத்தால் போதும். அடிக்கடி தொகையை மாற்றும் இடத்தில்தான் தவறு நுழைகிறது.

எடை விஷயத்தில் ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். 110-க்கு 220 மில்லிமீட்டர் அளவுள்ள நீளக் கவரும் கிட்டத்தட்ட அதே எடைதான். ஆக, மூன்று தாள் மடித்து வைத்த நீளக் கவர் 20 கிராமை ஒட்டி நிற்கும். கட்டணத்தின் முதல் எடை வரம்பு 20 கிராமோடு முடிகிற இடத்தில், ஒரு ஸ்டேபிள் பின் கூட அதைக் கூடுதல் கட்டணத்துக்குத் தள்ளிவிடும். இரண்டு தாளா, கண்ணை மூடிக்கொண்டு விடலாம். நாலு தாளா, அடுத்த வரம்பு. மூன்று தாள் என்றால் கட்டாயம் தராசில் வையுங்கள். கட்டணம் குறைவாக ஒட்டிப் போனால், கடிதத்தைப் பெறுபவரிடம் வசூலிப்பார்கள், இல்லையென்றால் கடிதம் திரும்பி வரும். இரண்டுமே ஆபீஸுக்குக் கெட்ட பெயர்.

தராசு மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். அதை நகர்த்துங்கள். தட்டில் எதுவும் இல்லாதபோது பூஜ்யம் காட்டுகிறதா, பக்கத்துக் கட்டு எதுவும் தட்டில் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கவரை உள்ளே விடுவது

முகவரிப் பக்கம் மேலே, கவரின் மேல் விளிம்பு மெஷினின் பின்சுவரை ஒட்டி. பெரும்பாலான மேசை மெஷின்களில் கவர் இடமிருந்து வலமாக ஓடும், முத்திரை வலது மேல் மூலையில் விழும். விளிம்பு சுவரை ஒட்டாமல் சற்றுச் சாய்ந்தாலும் முத்திரை கோணலாகிவிடும், சில சமயம் பாதி வெளியே போய்விடும்.

எனக்கு மூத்தவர் ஒருவர் கற்றுக்கொடுத்த வழக்கம் இது: கவரை விடுவதற்கு முன் அதன் கீழ் விளிம்பை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் தாள்கள் கீழே இறங்கி மேல் மூலை தட்டையாகும். மேடு பள்ளமான மூலையில் அச்சு நடுவில் விட்டுப்போகும். பேப்பர் கிளிப் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது உருளையில் மாட்டினால் கவரும் கிழியும், அன்றைய நாளும் போகும்.

தடித்த கவர், பார்சல், பளபளப்பான உறை, கறுப்பு உறை இவற்றை நேராக விடவே கூடாது. மெஷினுக்கென்று வரும் ஒட்டும் லேபிளில் முத்திரையை அடித்து, வலது மேல் மூலையில் ஒட்டுங்கள். பளபளப்புக் காகிதத்தில் மை உறையாது, விரல் பட்டாலே இழுபடும்.

மை என்றதும் ஒன்று. தீர்ந்துவிட்டதென்று சாதாரண ஸ்டாம்ப் பேட் மையை ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பல நாடுகளில் இந்தச் சிவப்பில் புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் பொருள் கலந்திருக்கும். அங்கே தபால் பிரிக்கும் கருவிகள் அதை வைத்துத்தான் முத்திரை எந்தப் பக்கம் இருக்கிறதென்று கண்டுபிடிக்கின்றன. வேறு மை போட்டால் கடிதம் கருவியிலிருந்து ஒதுக்கப்பட்டுத் தாமதமாகலாம்.

இரண்டு எண்கள்

புதியவர்கள் பயப்படும் இடம் கணக்கு. பயப்பட ஒன்றுமில்லை. மெஷினுக்குள் இரண்டு எண்கள் ஓடுகின்றன. இதுவரை செலவான மொத்தம் ஏறிக்கொண்டே போகும், கையிருப்பு இறங்கிக்கொண்டே வரும். உதாரணத்துக்கு, காலையில் செலவு 41,250, இருப்பு 3,750 என்று வையுங்கள். கூட்டினால் 45,000. கடிதத்துக்கு 5 வீதம் 120 கடிதம் அடித்தால் 600 போகும். இப்போது செலவு 41,850, இருப்பு 3,150. கூட்டிப் பாருங்கள், அதே 45,000. புதிதாகப் பணம் ஏற்றும்போது மட்டும்தான் இந்தக் கூட்டுத்தொகை மாறும், அதுவும் ஏற்றிய தொகை அளவுக்கே. இடையில் மாறினால் வேலையை நிறுத்திவிட்டு மெஷின் பராமரிப்பவரைக் கூப்பிடுங்கள்.

காலையும் மாலையும் இந்த இரண்டு எண்களையும் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் (அனுப்பும் தபாலைப் பதியும் ஏட்டில்) எழுதுங்கள். பக்கத்தில் அன்று அடித்த கவர்களின் எண்ணிக்கை. எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்றும் ஒரு பத்தி இருந்தால் மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது. இருப்பு தீர்ந்த பிறகு ஏற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். வழக்கமாக இரண்டு நாளுக்குத் தேவையான தொகைக்குக் கீழே இறங்கினாலே ஏற்றிவிடுவது என் பழக்கம்.

தவறாக அடித்த கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முழுக் கவராக, முத்திரை தெளிவாகத் தெரியும்படி, தனி உறையில் சேர்த்து வையுங்கள். அந்தத் தொகையைத் திரும்பக் கேட்க வழி உண்டு. எத்தனை நாளுக்குள், எவ்வளவு பிடித்தம் என்பது அனுமதி விதியில் இருக்கும். அந்த நாற்பது கவரையும் நான் குப்பையில் போட்டிருந்தேன். அன்று யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

மாலையில்

முத்திரையில் என்ன தேதியோ அன்றே தபால் நிலையம் போய்ச் சேர வேண்டும். கடைசியாகத் தபால் எடுக்கும் நேரத்தைத் தாண்டிவிட்டதா, மீதிக் கவர்களை மறுநாள் தேதியில் அடியுங்கள், இல்லையென்றால் காலையில் அடியுங்கள்.

அடித்தவற்றின் முகப்பு எல்லாம் ஒரே பக்கமாக, முத்திரை ஒரே மூலையில் வருமாறு அடுக்கி, வகைக்கு ஒரு கட்டாக ரப்பர் பேண்ட் போடுங்கள். சாதாரணப் பெட்டியில் போடாமல், அனுமதியில் குறிப்பிட்ட தபால் நிலையத்தில் கொடுங்கள். மை காய ஒரு நிமிடம் விட்ட பிறகே கட்டுங்கள், இல்லையென்றால் ஒன்றின் முத்திரை அடுத்ததன் முதுகில் பதியும்.

கவர் ஒட்டும் தூரிகையைக் கழுவி வையுங்கள், பசை காய்ந்தால் கல்லாகிவிடும். கவரின் பசையை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி மெஷினில் இருந்தால், அது நிறைந்திருக்கும்போது மெஷினை நகர்த்தாதீர்கள். கடைசியாக, கட்டணத் தொகையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள்.