ஸ்போர்ட்டி காருக்கு கிரிப் டயர் வாங்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

கொல்லிமலை, ஏற்காடுன்னு வளைவு வளைவா ஏறி எறங்குறதுக்காகவே ஒரு சின்ன டர்போ கார் வாங்கினவங்க முதல்ல கை வைக்குறது டயர்ல தான். அது நல்ல முடிவு தான், எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் என்ன பண்ணாலும் கடைசில ரோட்டுக்கு கொண்டு போறது அந்த நாலு ரப்பர் தானே. ஆனா எடுக்குற விதத்துல கோட்டை விட்டா, காசும் போயி, மழையில வண்டி முன்னவிட மோசமா வழுக்கும்.

ஹூண்டாய் ஐ20 என் லைன் கார வெச்சே சொல்றேன், நம்ம இருங்காட்டுக்கோட்டையில தயாராகுற வண்டி, கம்பெனி சைஸ் 195/55 ஆர்16. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், சைட்வால், அதாவது டயரோட பக்கவாட்டுச் சுவர், அதோட உயரம் அந்த அகலத்துல 55 சதவீதம், ரிம் 16 இஞ்ச். கடைக்குப் போன உடனே எல்லாரும் சொல்றது "205 போடுங்க சார், ரோட்டப் புடிச்சிக்கும்". 205/55 போட்டா அகலம் மட்டும் ஏறாது, மொத்த உயரமும் 621 மில்லிமீட்டர்ல இருந்து 632க்குப் போயிடும், 55ங்குறது அகலத்தோட சதவீதம் தானே. ஸ்பீடோமீட்டர் முன்ன காட்டுனதவிட கம்மியா காட்டும், கியர் நீளமான மாதிரி ஆகி பிக்கப் கொஞ்சம் விழும், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா சில வண்டில உள்ள உரசவும் செய்யும். அதோட அகலமான டயர ஒடுங்கின ரிம்ல மாட்டினா சைட்வால் பிதுங்கி நிக்கும், வளைவுல திருப்பும்போது டயரே ஒரு ஆட்டம் ஆடிட்டு தான் வண்டி திரும்பும். தேங்கின தண்ணில அகலமான டயர் சீக்கிரமா மேல மிதக்கவும் ஆரம்பிக்கும். கிரிப்பு பெரும்பாலும் காம்பவுண்ட்ல, அதாவது ரப்பர் கலவையில இருக்கு, அதே 195ல நல்ல காம்பவுண்ட் எடுத்தாலே வித்தியாசம் முதல் வளைவுலயே தெரியும்.

17 இஞ்ச் ரிம் ஆசை இருக்கே, அத நான் அனுபவிச்சே சொல்றேன். 205/45 ஆர்17 போட்டா மொத்த உயரம் கிட்டத்தட்ட சரியா வரும், கணக்குல தப்பே இல்ல, ஆனா சைட்வால் 107 மில்லிமீட்டர்ல இருந்து 92க்கு எறங்கிடும். மழை ராத்திரி, தண்ணி ரொம்பி நின்ன ஒரு பள்ளம், கண்ணுக்குத் தெரியல, ஒரே அடியில இடது பக்கம் ரெண்டு டயரும் சைடுல முட்டை மாதிரி வீங்கிடுச்சு, ஒரு ரிம்மும் வளைஞ்சிடுச்சு. டயருக்குள்ள இருக்குற கார்டுங்குற நூல் இழை அறுந்தா தான் அப்படி வீங்கும், அத எந்த பஞ்சர் கடையிலயும் ஒட்ட முடியாது, டயர கழட்டிப் போட வேண்டியது தான். பாக்க அழகா இருக்குன்னு நம்ம ஊர் ரோட்டுக்கு தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க, போற ரோடெல்லாம் நல்லா இருக்குன்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் யோசிங்க.

அடுத்தது, இருக்குறதுலயே ஒட்டுற டயரா தேடுறது. சைட்வால்ல ட்ரெட்வேர்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, பொதுவா நம்பர் கம்மியா இருந்தா ரப்பர் மெத்துன்னு இருக்கும், நல்லா ஒட்டும், சீக்கிரம் தேயும். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4க்கு 320, அதே கம்பெனியோட ரேஸ் டிராக்குக்குன்னு வர்ற கப் 2 டயருக்கு 180. ஒரே கம்பெனிக்குள்ள ஒப்பிட இது உதவும், வேற வேற கம்பெனிய ஒப்பிட்டுப் பாத்து முடிவெடுக்காதீங்க, அந்த நம்பர அவங்கவங்களே சோதிச்சு அவங்கவங்களே போட்டுக்கிறாங்க. 180, 200ன்னு இருக்குற டயரெல்லாம் டிராக்குக்கு அருமை, வறண்ட தார்ல, சூடு ஏறினதுக்கு அப்புறம், அந்த ஒட்டு வேற எதுலயும் வராது. ஆனா அதுல தண்ணி வெளிய போற பள்ளம் கம்மி, ஐப்பசி கார்த்திகையில சென்னை ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஊட்டி குளிர்ல காலைல வண்டிய எடுத்தா ரப்பர் சூடேற நேரம் வேணும், அதுவரைக்கும் அது சாதாரண டயர விட சுமாரா கூட இருக்கலாம். தெனமும் ஆபீசுக்கும் போயி மாசத்துக்கு ஒரு தடவ மலைக்கும் போற வண்டிக்கு, ஈரத்துல பிரேக் நல்லா புடிக்குற ஸ்போர்ட் டயர் தான் என் கணக்குல சரி. வருஷத்துக்கு ரெண்டு தடவ டிராக்குக்கு போறவங்க அதுக்கு தனியா ஒரு செட் ரிம்மோட வெச்சுக்கலாம், செலவு தான், ஆனா அது தான் ஒழுங்கான வழி.

சைஸுக்கு பக்கத்துல 87V மாதிரி ஒண்ணு இருக்கும். 87னா ஒரு டயர் 545 கிலோ தாங்கும், Vங்குற எழுத்து வேகத்துக்கு, மணிக்கு 240 கிலோமீட்டர் வரைக்கும். கம்பெனி குடுத்தத விட இது ரெண்டும் கீழ போகக் கூடாது, அவ்வளவு தான்.

தேதி பாக்காம வாங்குறது பெரிய தப்பு. சைட்வால்ல DOTனு ஆரம்பிக்குற வரியோட கடைசி நாலு எண் தான் தயாரான தேதி, 2323னா 2023ம் வருஷம் 23வது வாரம். ஸ்போர்ட் டயரெல்லாம் மெதுவா தான் விக்கும், அதனால பழைய ஸ்டாக் கடையில கெடக்க வாய்ப்பு ஜாஸ்தி, நல்ல தள்ளுபடி குடுக்குறாங்கன்னா முதல்ல இத தான் பாக்கணும். எனக்கு ஒரு கடையில மூணு வருஷம் பழசு ஒண்ணு மத்த மூணு புதுசோட சேந்து வந்துச்சு, வீட்டுக்கு வந்து தான் கவனிச்சேன். மாட்டுறதுக்கு முன்னாடி நாலையும் பாருங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன், ரெண்டு டயர் மட்டும் மாத்துறவங்க புதுச முன்னாடி போடுறது. எஞ்சின் முன் சக்கரத்த சுத்துற வண்டில முன் டயர் தான் சீக்கிரம் தேயும், அதனால புதுசு அங்க தான்னு கடைக்காரரே சொல்வார். அப்படிப் போட்டா மழையில பின்னாடி டயர் முதல்ல புடிமானத்த விடும். முன்னாடி வழுக்கினா வண்டி வளைவுல நேரா போகப் பாக்கும், ஆக்சிலரேட்டர்ல இருந்து கால மெதுவா எடுத்தா வேகம் கொறைஞ்சு திரும்பப் புடிக்கும், பின்னாடி வழுக்கினா வண்டி சுத்திடும், அத புடிச்சு நிறுத்த பழக்கம் வேணும், நம்மள்ல நெறைய பேருக்கு அது கெடையாது. அதனால புதுசு பின்னாடி, நல்லா இருக்குற பழசு முன்னாடி. முடிஞ்சா நாலையும் ஒரே மாடலா மாத்திடுங்க, ஸ்போர்ட் டயர் முன்னாடியும் சாதா டயர் பின்னாடியும்னு கலக்கவே கலக்காதீங்க.

காத்து விஷயத்துல, கிரிப் வரும்னு டிராக்ல பண்ற மாதிரி ரோட்டுலயும் காத்த எறக்கி ஓட்டுறவங்க இருக்காங்க. ஓரம் தேயும், டயர் சூடாகும், பள்ளத்துல ரிம் அடி வாங்கும். டிரைவர் கதவு பக்கம் ஒட்டியிருக்குற அளவு ஆறின டயருக்கு சொன்னது, ஹைவேல ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்து பங்க்ல பாத்து மூணு நாலு பிஎஸ்ஐ ஏறியிருக்குன்னு தொறந்து விட்டுடாதீங்க, காலைல ஆறினதும் அது கம்மியாகி நிக்கும்.

மாட்டி முடிச்சதும் அலைன்மென்ட் பாத்துடுங்க, முதல் 150 கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க, புது டயர் மேல அத வார்த்த அச்சுல இருந்து வந்த வழவழப்பு போகணும். கடைய விட்டு கெளம்புறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு சுத்து சுத்தி வாங்க, அவுட்சைட்னு எழுதியிருக்குற டயர்னா நாலுலயும் அந்த எழுத்து வெளிப்பக்கம் தெரியணும், அம்பு போட்டிருந்தா அது வண்டி முன்னாடி போகும்போது டயர் சுத்துற பக்கத்தக் காட்டணும். மாறியிருந்தா அங்கயே கழட்டி சரியா மாட்டச் சொல்லுங்க.