கார்ட்டூன் நாயகர்களைச் சேர்ப்பது எப்படி? நெல்லைப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆக்‌ஷன் ஃபிகர் எனப்படும் கை கால் அசையும் நாயகப் பொம்மைகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, 'எங்கே கிடைக்கும்?' என்றுதான். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்த அதே உருவம் வேண்டுமா, பேட்மேன் என்று பெயர் ஒட்டிய எதுவாக இருந்தாலும் போதுமா? எதுவானாலும் போதும் என்றால் ஆனித் திருவிழாவுக்கு டவுன் ரத வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே பை நிறைந்துவிடும். அந்த உருவம்தான் வேண்டும் என்பவர்களுக்காகத்தான் இந்த விளக்கம்.

முதல் படி: ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லா நாயகர்களையும் சேர்க்கிறேன் என்று கிளம்பியவர்களின் அலமாரி பொருட்காட்சிக் கடை மாதிரி ஆகிவிடும். எதைப் பார்ப்பது என்றே தெரியாது. எனவே ஒரு தொடர் போதும். தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஹீ-மேன். கேபிள் வந்த பிறகு வளர்ந்தவர்களுக்கு 1992-ல் தொடங்கிய பேட்மேன், எக்ஸ்-மென், 1994-ல் வந்த ஸ்பைடர்மேன், இன்னும் பிந்தியவர்களுக்கு 2001-ல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக்.

தேர்ந்தெடுத்ததும், அந்தத் தொடரில் பொம்மை முதலில் வந்ததா, படம் முதலில் வந்ததா என்று தெரிந்துகொள்ளுங்கள். வாங்கும்போது இந்த விவரம் மிகவும் உதவும். ஹீ-மேனில் பொம்மைதான் மூத்தது. மாட்டெல் நிறுவனம் 1982-ல் பொம்மையை விற்கத் தொடங்கியது. ஃபில்மேஷன் நிறுவனத்தின் 130 பாகத் தொடர் 1983-ல்தான் வந்தது. அதனால் பழைய ஹீ-மேன் பொம்மையின் முகம் தொடரில் வரும் முகத்தைவிட முரட்டுத்தனமாக இருக்கும். அது போலி என்று பயந்துவிட வேண்டாம். தொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு மிதந்து திரியும் ஓர்கோ இதற்கு நேர் எதிர். அவன் தொடருக்காகப் பிறந்தவன், பிறகுதான் பொம்மை ஆனான்.

பேட்மேன் கதை வேறு. தொடரின் உருவங்களை வடிவமைத்த ஓவியர் புரூஸ் டிம்மின் வரைகலையில் கோடுகள் குறைவு: சதுரத் தாடை, முக்கோண மார்பு, தட்டையான நிறங்கள். கென்னர் நிறுவனம் அந்த வடிவத்தை ஓரளவு பிடித்தே பொம்மை செய்தது. ஆனால் ஒரே பேட்மேனைச் சிவப்பு உடையிலும் இன்னும் கண்ட கண்ட நிறங்களிலும் மாற்றி மாற்றி விற்றது. தொடரில் அவர் அணிவது சாம்பல் நிற உடை, கருநீல மேலங்கி, மார்பில் மஞ்சள் நீள்வட்டம். இந்த மூன்றும் இல்லாத பேட்மேனை முதலில் வாங்காதீர்கள். பிறகு ஆசை தீராவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். வில்லன்கள் விஷயத்தில் இந்தக் குழப்பம் குறைவு. என்னைக் கேட்டால் தொடங்குவதற்கு வில்லன்தான் நல்ல தேர்வு.

எக்ஸ்-மென் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டாய் பிஸ் நிறுவனத்தின் பொம்மைகள் 1991-லேயே, அதாவது தொடருக்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டன. அவற்றில் சில காமிக்ஸ் புத்தக உடையில் இருக்கும். வோல்வரின் பழுப்பு உடையில் இருந்தால் அது உங்கள் தொடரின் ஆள் இல்லை; மஞ்சளும் நீலமும்தான் அவர்.

இரண்டாம் படி: உயரத்தை முடிவு செய்யுங்கள்

இது சுருக்கமான வேலை. பழைய ஹீ-மேன் ஏறத்தாழ ஐந்தரை அங்குலம், மாட்டெலின் ஜஸ்டிஸ் லீக் நாலே முக்கால், இன்று கடைக்கு வரும் பெரும்பாலான சேகரிப்பு வகைகள் ஆறு அங்குலம். ஒரே தட்டில் இவற்றைக் கலந்து நிறுத்தினால் சூப்பர்மேன் ராபினின் தோளளவு நிற்பார். பார்க்கச் சகிக்காது.

மூன்றாம் படி: தேடும் இடங்கள்

சென்னையில் இருப்பவர்களுக்குக் கடை இருக்கிறது. நமக்கு அரங்கு வீட்டுப் பரண் இருக்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. மேலப்பாளையம், கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த பெட்டிகளில் சோப்பு, சென்ட், டார்ச் விளக்கோடு பிள்ளைகளுக்கான பொம்மைகளும் இருந்தன. அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். பொம்மைகள் ஏதாவது ஒரு சாக்குப் பையில் இன்னும் கிடக்கும்.

கேட்கிற விதம் முக்கியம். "பழைய பொம்மை இருந்தால் விலைக்குத் தாருங்கள்" என்று வாசலில் நின்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். தெரிந்த வீடாக இருக்கவேண்டும். வெள்ளையடிக்கும் நேரமாகவோ கல்யாணத்துக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும் நேரமாகவோ இருந்தால் இன்னும் நல்லது. "ஆச்சி, பரணைச் சுத்தம் செய்ய நானும் ஒரு கை கொடுக்கிறேன்" என்று தொடங்குங்கள். பொம்மை கிடைத்தால், அது யாருடையதோ அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்காமல் எடுத்துவராதீர்கள். ஆச்சி கொடுத்துவிடுவார், துபாயில் இருக்கும் பேரன் சண்டைக்கு வருவான்.

அடுத்தது பழைய இரும்புக் கடை. வண்டியில் வரும் பிளாஸ்டிக் எடைக்குப் போய்விடும் என்பதால், தரம் பிரிக்கிறவரிடம் சொல்லி வைக்கவேண்டும். படம் ஒன்றைக் காட்டி, "இப்படிக் கை காலோடு எது வந்தாலும் எடுத்து வையுங்கள் அண்ணாச்சி" என்றால் போதும். இந்தியாவிலேயே லியோ என்ற பொம்மை நிறுவனத்தின் முத்திரையோடு வந்த ஹீ-மேன்கள் இப்படி அகப்பட வாய்ப்புண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தனியாகத் தேடுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திருவிழாக் கடைகளிலும் குற்றாலம் சீசன் கடைகளிலும் தொங்குவது வேறு சாதி. மார்பில் விளக்கு எரியும், முத்திரை இருக்காது. பிடித்திருந்தால் வாங்குங்கள். அதையே தனிச் சேகரிப்பாக வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் அதை அசல் என்று நம்பி விலை கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: புரட்டிப் பாருங்கள்

பொம்மையைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகையும் உள்ளங்காலையும் பாருங்கள். அசல் பொம்மையில் நிறுவனத்தின் பெயர், உரிமை ஆண்டு, பெரும்பாலும் தயாரித்த நாடு ஆகியவை சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து பிடித்தால் படிக்கலாம். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கவேண்டும். அசல் பொம்மையை வைத்தே அச்செடுத்த போலிகளில் எழுத்து மழுங்கித் தெரியும், அல்லது அந்த இடமே சுரண்டப்பட்டிருக்கும்.

அங்கே இருக்கும் ஆண்டு பொம்மை பிறந்த ஆண்டு அன்று. ஹீ-மேனின் முதுகில் 1981 என்று இருக்கும். கடைக்கு வந்ததோ 1982-ல். அதே வார்ப்பில் பிறகு எத்தனை வருடம் வார்த்தாலும் அந்த எண் மாறாது. "81-ஆம் வருடத்துப் பொம்மை" என்று விற்பவர் அடித்துச் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு மூட்டுகள். பழைய ஹீ-மேனின் இடுப்பைத் திருப்பி விட்டால் சுருள்வில் இழுத்துத் தானாகத் திரும்பி ஒரு குத்து விடவேண்டும். திரும்பவில்லை என்றால் உள்ளே வில் துருப்பிடித்திருக்கிறது. கால்கள் தொளதொளவென்று ஆடினால் உள்ளே இருக்கும் ரப்பர் இற்றுவிட்டது. இரண்டுமே விலையைக் குறைத்துப் பேசக் காரணம். வாங்காமல் விடக் காரணம் ஆகாது. கத்தி, கேடயம் போன்ற சிறு சாமான்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவற்றைத் தனியாகத் தேடி வாங்குவது பொம்மையை வாங்குவதைவிடப் பெரிய தலைவலி.

ஐந்தாம் படி: விலையும் வரியும்

புதிய பொம்மைகள் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் நேரடியாக வாங்கினால் பொம்மை விலையோடு அஞ்சல் செலவு, தீர்வை இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

வரி என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீத வரி, மற்ற விளையாட்டுப் பொருள்களுக்கு 6.8 சதவீதம் என்று இருந்தது. எக்ஸ்-மென் பாத்திரங்கள் மனிதர்களே அல்லர் என்று டாய் பிஸ் நிறுவனம் வழக்காடி 2003-ல் வென்றது. 'நாங்களும் மனிதர்கள்தான்' என்று 76 பாகங்களுக்குப் போராடியவர்களை, அவர்களின் பொம்மையை விற்றவர்களே வரிக்காகக் கைவிட்ட கதை இது.

ஆறாம் படி: குளிப்பாட்டுதல்

பரணில் கிடந்த பொம்மையில் ஒட்டடை, பல்லி எச்சம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்திருக்கும். வாளியில் முக்காதீர்கள், இடுப்பில் வில் உள்ளவை துருப்பிடிக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளின் மென்மையான பல் துலக்கும் பிரஷ், இவ்வளவுதான் தேவை. பிரஷை நனைத்து, உதறிவிட்டுத் தேயுங்கள். அழுக்கு அதிகம் தங்கும் இடங்கள் இடைத்துணியின் ரோம மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், முடிக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள கோடு. கண், புருவம், மார்புச் சின்னம் போன்ற வண்ணம் தீட்டிய இடங்களில் பிரஷ் வேண்டாம், பஞ்சால் ஒற்றினால் போதும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அழுக்கோடு முகமும் போய்விடும்.

தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் கவலை இல்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் கடைசித் துடைப்புக்குக் குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பேட்மேனின் கருநீல மேலங்கியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும்.

வளைந்துபோன காலைச் சரிசெய்ய, அந்தக் காலை மட்டும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, இளகியதும் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடியுங்கள். உள்ளே சுருள்வில்லோ ரப்பரோ உள்ள பகுதிக்கு இந்த வைத்தியம் ஆகாது.

ஏழாம் படி: வைக்கும் இடம்

நெல்லை வெயிலில் பொம்மையின் முதல் எதிரி மேற்குப் பார்த்த ஜன்னல். வெள்ளை நிறம் மஞ்சளாகும், மென்மையான கால் மெல்ல மடங்கி ஆள் சாய்வார். தகரக் கூரைக்கு அடியிலும் வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட சுவர் அலமாரி, உள்சுவரில் இருந்தால், அதுவே போதும். உள்ளே நவராத்திரிக் கொலுப்படி மாதிரி சிறு மரப்படிகள் செய்து வைத்தால் பின்வரிசை ஆட்களும் தெரிவார்கள்.

பீரோவில் போடுகிற பாச்சை உருண்டையை இங்கே போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். பொம்மைகளை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டுவதும் செய்தித்தாளில் சுற்றுவதும் கூடாது. ரப்பர் கறையாக ஒட்டும், மை ஏறும். ஒட்டும் தன்மை வந்துவிட்ட மென்பிளாஸ்டிக் பொம்மையை மூடிய உறைக்குள் அடைக்காமல் காற்றாட நிறுத்துங்கள்.

ஒவ்வொன்றையும் அலமாரியில் ஏற்றுமுன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், முத்திரையில் உள்ள சொற்கள் அப்படியே, யாரிடமிருந்து வந்தது, கொடுத்த விலை, இல்லாத சாமான். கேடயம் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால், வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு விலை பேசலாம்.