புது ரிவால்வர் வாங்குவோர் செய்யும் தவறுகள்: திருப்தி எங்கே கெடுகிறது?

அமெரிக்காவில் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கிய ஒருவரிடம் முதல் வாரத்தில் கேட்டுப் பாருங்கள். "பிரமாதம்" என்பார். பெட்டியைத் திறந்து, எண்ணெயைத் துடைத்து, ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடத்துக்கு) போய் ஒரு பெட்டித் தோட்டா சுட்டிருப்பார், அவ்வளவுதான். அந்தப் பாராட்டில் பாதி துப்பாக்கிக்கு, மீதி அதை வாங்கத் தான் எடுத்த முடிவுக்கு. சில மாதம் கழித்துப் பார்த்தால் அதே துப்பாக்கி அலமாரியில் கிடக்கும், அல்லது வாங்கிய கடைக்கே குறைந்த விலைக்குத் திரும்பியிருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று விசாரித்தால், தயாரிப்புக் கோளாறு என்று சொல்லத்தக்கவை குறைவாகவே இருக்கும். தேர்ந்தெடுத்ததில் பிழை, சோதிக்காமல் விட்டது, யார் மீது குற்றம் என்று தெரியாமல் முடிவு கட்டியது, இவைதான் அதிகம். சுழலும் உருளையில் தோட்டாக்களை நிரப்பும் ரிவால்வர் விஷயத்தில் இது இன்னும் கூடுதல். "எளிய கருவி, சிக்கவே சிக்காது" என்ற பெயரை நம்பி வாங்குகிறவர்கள் பலர்.

அங்கே வாழும் நம்மவர்களுக்கு முதலில் ஒரு சட்ட விஷயம். கிரீன் கார்டு இருப்பவர் மற்ற தகுதிகளும் இருந்தால் வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதற்கே கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், 4473 என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வேறொருவர் காசில் அவருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவது நட்புக்குச் செய்யும் உதவி ஆகாது, சிறைக்கு அனுப்பும் குற்றம்.

சரி, வாங்கும் இடத்துக்கு வருவோம். அதிருப்திக்கு முதல் காரணம் எடை. கடையில் ஸ்மித் அண்ட் வெஸனின் 642 மாடலைக் கையில் எடுத்தால் யாருக்கும் பிடித்துப்போகும். ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகை, அலுமினியக் கலவை உடல், எடை ஏறத்தாழ 400 கிராம். சட்டைப் பைக்குள் அடங்கும். ரூகரின் எல்சிஆர் 2009இல் வந்தது, அதுவும் இதே ரகம். 340பிடி என்ற ஸ்கேண்டியக் கலவை மாடல் இன்னும் லேசு, 350 கிராம்கூட வராது, அதிலும் .38ஐவிட வலுவான .357 மேக்னம் தோட்டா சுடலாம். பக்கத்திலேயே ரூகரின் ஜிபி100 கிடக்கும். நாலு அங்குலக் குழலோடு ஒரு கிலோவைத் தாண்டும். புதிதாக வாங்குபவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இவ்வளவு கனமா?" என்று வைத்துவிடுவார்.

கடையில் யாரும் சுட்டுப் பார்ப்பதில்லை, அதுதான் சிக்கல். தோட்டா ஒன்றேயானால் அது பின்னால் தள்ளும் அளவும் ஏறக்குறைய ஒன்றே. அந்தத் தள்ளலைத் தாங்கும் இரும்பு குறையக் குறைய, துப்பாக்கி அத்தனை வேகமாக உள்ளங்கைக்குள் பாயும். லேசான ரிவால்வரில் மேக்னம் தோட்டாவைச் சுட்டவர் இரண்டாவது சுற்று நிரப்ப யோசிப்பார். அப்புறம் என்ன? பழகுவதில்லை. பழகாத துப்பாக்கியில் குறி விழாது, குறி விழாததால் மனம் விட்டுப்போகிறது. என் கணிப்பில், முதல் ரிவால்வராக மிக லேசானதை வாங்குவதைப் போல ஏமாற்றம் தரும் முடிவு வேறில்லை. தினமும் இடுப்பில் வைத்திருப்பேன், எப்போதாவதுதான் சுடுவேன் என்பவருக்கு அது சரி. ரேஞ்சுக்குப் போய் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு எஃகு உடல்தான் தோழன். .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும் சுடலாம் என்பதால், கனமான .357 ஒன்றை வாங்கி மென்மையான தோட்டாவில் தொடங்குவது நல்ல வழி.

லேசான உடலில் இன்னொரு வினையும் உண்டு. சுடும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது, உருளையில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் உறைகளும் கூடவே பாய்கின்றன. உறையின் வாயில் செருகியிருக்கும் ஈயக் குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். விளைவு, குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவி, உருளையின் முன்வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டு, உருளை சுழலாமல் நின்றுவிடும். 340பிடியில் 120 கிரெய்னுக்கு (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குறைந்த குண்டு போடாதே என்று குழலிலேயே பொறித்திருப்பது வேறு காரணத்துக்காக, டைட்டானிய உருளை சீக்கிரம் அரித்துப்போகாமல் இருக்க. லேசான குண்டு என்றால் உதைப்பு குறையும் என்று நினைத்து, இந்த எச்சரிக்கையைப் பார்க்காமல் அதையே வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது குறி. "புதுத் துப்பாக்கி, இடது பக்கம் கீழே அடிக்கிறது" என்ற குறையை எந்த ரேஞ்சிலும் கேட்கலாம். ரிவால்வரின் ட்ரிகரை ஒரே இழுப்பில் இழுக்க ஏறத்தாழ ஐந்து கிலோ விசை வேண்டும். தோட்டாவை அடிக்கும் சுத்தியலை முன்கூட்டியே கட்டைவிரலால் மடக்கி வைத்தால் இரண்டு கிலோகூடத் தேவைப்படாது. அரைக் கிலோகூட இல்லாத கருவியில் ஐந்து கிலோ இழுத்தால் முனை ஆடாமல் எப்படி இருக்கும்? வலது கைக்காரர் ஒருவர் வெடுக்கென்று இழுத்தால் தோட்டா இடது கீழேதான் போகும். துப்பாக்கியா, கையா என்று தெரிய வேண்டுமானால் மணல் பையில் கையைத் தாங்கி மெதுவாகச் சுடுங்கள். நன்றாகச் சுடத் தெரிந்த இன்னொருவரிடமும் கொடுத்துப் பாருங்கள். இருவருக்கும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் துப்பாக்கியைச் சந்தேகிக்கலாம். நிலையான குறி உள்ள .38 ரிவால்வர்களில் கனமான, மெதுவான குண்டு மேலேயும், லேசான, வேகமான குண்டு கீழேயும் விழுவது இயல்பு. தோட்டாவை மாற்றினாலே தீரும் குறைக்குத் தொழிற்சாலைக்கு எழுதுகிறவர்களும் உண்டு.

கை பழக, தோட்டா இல்லாமல் ட்ரிகர் இழுத்துப் பழகுவதுதான் செலவில்லாத வழி. இன்றைய .38, .357 ரிவால்வர்களில் இதனால் பொதுவாகக் கெடுதல் இல்லை. .22 போன்ற விளிம்பு வெடிப்புத் தோட்டா வகையில் மட்டும் கையேட்டில் அனுமதித்திருந்தாலொழிய செய்யக் கூடாது, ஊசி உருளையின் விளிம்பில் மோதிக் கெடும். உருளை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

தயாரிப்புக் கோளாறே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதியைக் கையெழுத்துக்கு முன்பே கண்டுபிடிக்கலாம். இதைச் செய்யாமல் விடுவதுதான் பணம் கரையும் தவறு. படிவம் முடிந்து துப்பாக்கி உங்கள் கைக்கு வந்துவிட்டால் அது பழைய துப்பாக்கி. பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. எனவே கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, காலியா என்று பார்த்துவிட்டு, ஒளியில் பிடியுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது குழல் முனையில் உள்ள முன்குறி நேராக நிற்கிறதா? குழலைத் திருகிப் பொருத்தும் மாடல்களில் கூடக் குறையத் திருகினால் முன்குறி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும். அதன்பின் உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடுக்கு. அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை இருப்பது வழக்கம், சுற்றிலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். சுத்தியலை மிக மெதுவாக மடக்கி, உருளையில் தோட்டா அமரும் ஒவ்வொரு அறையும் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறதா என்று எல்லா அறைகளுக்கும் பாருங்கள். ஐந்தில் நாலு பூட்டி ஒன்று பூட்டாவிட்டால் வேறு துப்பாக்கி கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சினிமாவில் வருவதுபோல மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உருளையை மூடாதீர்கள். உருளையைத் தாங்கும் இரும்புக் கரம் வளைந்துபோகும். கடைக்காரருக்கும் உங்கள் மேல் மரியாதை போய்விடும்.

அந்த இடுக்கைப் பற்றி இன்னொரு வார்த்தை. சுடும்போது அதன் வழியே நெருப்பும் வாயுவும் பக்கவாட்டில் பீறிடும். பிஸ்டல் (உருளை இல்லாமல், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி) பிடிக்கிற பழக்கத்தில் கட்டைவிரலை முன்னால் நீட்டி அங்கே வைத்தால் சதை கிழியும். பிஸ்டலிலிருந்து ரிவால்வருக்கு மாறுபவர்கள் முதல் நாளே இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எதிர்பார்ப்பு பொய்த்துப்போவதும் ஒரு ரகம். கோல்ட் பைத்தான் என்ற ரிவால்வர் 1955இல் வந்தது. கையால் மெருகேற்றிய நீல எஃகுக்குப் பேர்போனது. தயாரிப்பு நின்று, பல ஆண்டுகள் கழித்து 2020இல் திரும்ப வந்தபோது உள்ளே இருக்கும் பாகங்களைக் குறைத்து, வேறு விதமாக வடிவமைத்திருந்தார்கள். பழையதை மனதில் வைத்து வாங்கியவர்களுக்கு முதல் தொகுதி அவ்வளவாக ருசிக்கவில்லை. சுழற்சியில் கோளாறு என்ற புகார்களும் அப்போது எழுந்தன. எந்தப் புது மாடலானாலும் முதல் வருடத் தயாரிப்பை ஓடிப்போய் வாங்காதீர்கள். மற்றவர்கள் சுட்டுத் தேய்க்கட்டும்.

ஸ்மித் அண்ட் வெஸன் மேல் உள்ள கசப்பு வேறு கதை. 2000இல் அந்த நிறுவனம் கிளின்டன் அரசோடு துப்பாக்கிப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று செய்தது. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய்ப் புறக்கணித்தார்கள், விற்பனை சரிந்தது. உரிமையாளரான பிரிட்டனின் டாம்கின்ஸ் குழுமம் 2001இல் அதை சேஃப்-டி-ஹேமர் என்ற பூட்டுத் தயாரிப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அதன்பின் வந்த ரிவால்வர்களின் இடப் பக்கத்தில் உள்பூட்டுக்கான ஒரு சாவித் துளை முளைத்தது. இருபது வருடத்துக்கும் மேலாக அந்தச் சின்னத் துளையைச் சபிப்பவர்கள் இருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் துளை இல்லாத மாடலை வாங்கலாம், தவறில்லை. ஆனால் அரசியல் கோபத்தை "இந்தத் துப்பாக்கி மோசம்" என்று எழுதி வைப்பவரின் பேச்சை நம்பி நீங்கள் முடிவெடுக்காதீர்கள்.

தோட்டா விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கத் தர நிர்ணயத்தில் .38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, அதன் கூடுதல் அழுத்த வகையான பிளஸ்-பிக்கு 20,000, .357 மேக்னத்துக்கு 35,000. பிளஸ்-பி பொருந்தும் என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் அதைப் போடுங்கள். தாத்தா காலத்து .38இல் அதைத் திணிக்க வேண்டாம். பழகுவதற்கு விலை குறைந்த தோட்டா, தற்காப்புக்கு வேறு தோட்டா என்று இரண்டு வைத்திருப்பவர்கள் தற்காப்புத் தோட்டாவை ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காமல் நிரப்பி வைத்துவிடுகிறார்கள். பிஸ்டலில் இது பெரிய தவறு. உருண்டை முனைத் தோட்டாவை ஒழுங்காக விழுங்கும் பிஸ்டல், குழிமுனைத் தோட்டாவில் திணறக்கூடும். இருநூறு தோட்டாவாவது சுட்ட பிறகுதான் நம்ப வேண்டும் என்பது துப்பாக்கிக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. அதில் ஒரு பெட்டியாவது தற்காப்புத் தோட்டாவாக இருக்கட்டும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தாலும் பிஸ்டல் சிக்கும், பழி துப்பாக்கி மேல் விழும்.

"ரிவால்வர் சிக்காது" என்ற நம்பிக்கைக்கும் இங்கேயே ஒரு திருத்தம். எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று, காலி உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் புகுந்துவிட்டால் போதும், உருளை மூடாது அல்லது இறுகிவிடும். உறைகளைத் தட்டும்போது குழலின் முனையை வானத்தைப் பார்க்க வைத்து ஓங்கித் தட்டினால் துகள்கள் கீழே கொட்டிவிடும். தரையை நோக்கிப் பிடித்துத் தட்டினால் தகட்டுக்கு அடியில்தான் போய்ச் சேரும். .357இல் குட்டையான .38 தோட்டாவையே நிறையச் சுட்டால் அறைக்குள் கரி வளையம் படியும், பிறகு நீளமான தோட்டா உள்ளே போக மறுக்கும். ஒரு பித்தளைத் தூரிகை இதற்குப் போதும். பக்கத் தகட்டின் திருகுகள் புதுத் துப்பாக்கியில் தளர்வதுண்டு, ரேஞ்சிலிருந்து வந்ததும் பார்த்துவிடுங்கள். சுட்ட கையோடு எதையும் சாப்பிடாதீர்கள். பெரும்பாலான தோட்டாக்களின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் ஈயச் சேர்மம் இருக்கிறது.

ட்ரிகர் கனமாக இருக்கிறது என்று மெல்லிய ஸ்பிரிங் வாங்கிப் போடுவது இன்னொரு பழக்கம். சுத்தியல் வலுவாக அடிக்காமல் தோட்டா வெடிக்காது போனால், தொழிற்சாலையைத் திட்டிப் பயனில்லை.

பலரும் அறியாத ஒன்று, அமெரிக்காவில் துப்பாக்கியைக் கட்டாயமாகத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு இல்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே துப்பாக்கிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். மிக்ஸிக்கும் பொம்மைக்கும் வரும் அரசு அறிவிப்பு துப்பாக்கிக்கு வராது, நிறுவனமே முன்வந்தால்தான் உண்டு. 2008இல் ரூகர் தன் எல்சிபி பிஸ்டலைக் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று சொல்லித் திரும்ப அழைத்தது. 2017 ஆகஸ்டில் சிக் சாவர் தன் பி320க்கு இலவச மாற்றத்தை அறிவித்தது. கடையில் அட்டைப் பெட்டிக்குள் பல மாதம் இருந்த துப்பாக்கி, அறிவிப்புக்கு முந்தைய தயாரிப்பாக இருக்கலாம். வாங்கிய அன்றே வரிசை எண்ணை நிறுவனத்தின் அறிவிப்புகளோடு ஒப்பிட்டு, உங்கள் பெயரில் பதிவும் செய்துவிடுங்கள்.

உண்மையிலேயே கோளாறு என்றால், கடைக்காரரோடு மல்லுக்கட்டுவதைவிட நிறுவனத்தின் சேவைப் பிரிவை அழைப்பது வேகம். பெரிய நிறுவனங்கள் பல, அனுப்புவதற்கான சீட்டையும் தாங்களே தரும். பழுது பார்த்ததைக் கூட்டாட்சிச் சட்டப்படி நேராக உங்கள் முகவரிக்கே திருப்பி அனுப்பலாம், கடை வழியாகப் போய் மறுபடி படிவம் நிரப்ப வேண்டியதில்லை. மாநிலச் சட்டம் வேறு சொல்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "சரியாக வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் அங்கே பத்து தோட்டா சுட்டுப் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பிவிடுவார்கள். எந்த நிறுவனத் தோட்டா, எத்தனை கிரெய்ன், எத்தனையாவது சுற்றில், உருளையின் எந்த அறையில் என்று எழுதுங்கள். அறை தெரிய வேண்டுமானால் அழிக்கக்கூடிய மையால் உருளையில் எண் போட்டுச் சுட்டுப் பார்க்கலாம். வெடிக்காமல் போன தோட்டாவின் அடிப்பக்கத்தில் ஊசி பதிந்த தடத்தைப் படம் எடுத்து அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். தோட்டாவையே வைத்து அனுப்பிவிடாதீர்கள்.