பஞ்சபூதத் தலங்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழி

நிலம், நீர், நெருப்பு, காற்று, வானம் என்று ஐந்துக்கும் ஐந்து சிவன் கோயில்கள். காளஹஸ்தி ஆந்திராவில், மற்ற நான்கும் தமிழ்நாட்டில். வேன் பிடித்து ஓரிரண்டு நாளில் ஐந்தையும் சுற்றி வருகிறவர்கள் உண்டு. அந்த அவசரத்தில் க்யூ மட்டும்தான் மனதில் நிற்கும். ஒரு பயணத்துக்கு ஒரு கோயில் போதும். வழக்கமாகச் சொல்லும் வரிசையையும் விடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற பூதத்தில் ஆரம்பித்து, தெரியாததில் போய் முடியுங்கள்.

முதலில் நீர். திருச்சியில் ஸ்ரீரங்கத்தை ஒட்டியிருக்கும் திருவானைக்காவலுக்குக் காலை 11.30க்குள் போய்விடுங்கள். ஜம்புகேஸ்வரர் சன்னதிக்கு முன்னால் ஒன்பது துளை போட்ட கல் சாளரம் இருக்கும். அதன் வழியாக ஒருமுறை சுவாமியைப் பார்த்துவிட்டு உள்ளே நகருங்கள். கருவறை தாழ்வானது, லிங்கம் இருக்கும் இடத்தில் ஊற்று. காவிரியில் தண்ணீர் ஓடும் மாதங்களில் போனால் அது ஊறி நிற்பது நன்றாகத் தெரியும். உடனே கிளம்பிவிடாதீர்கள். உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே சுவாமி சன்னதிக்கு வருவார். காவிரி நீரை லிங்கமாகத் திரட்டி அம்பாள் பூஜித்தாள் என்பது தலவரலாறு. அந்தப் பூஜை இன்றும் தினமும் நடக்கிறது. இதைப் பார்க்காமல் திருவானைக்காவல் போய் வந்ததாகவே நான் கணக்கில் வைக்க மாட்டேன்.

அடுத்து நெருப்பு, திருவண்ணாமலை. முதல்முறைக்குப் பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் வேண்டாம், கூட்டம் தாங்காது. அங்கே மலையே அக்னி லிங்கம். சாதாரண நாளில், விடிவதற்கு முன் வெறுங்காலோடு கிரிவலம் தொடங்குங்கள். மொத்தம் 14 கிலோமீட்டர். வெயில் ஏறினால் தார்ச்சாலை கொதிக்கும். அப்புறம் கோயிலுக்குள் போங்கள், கருவறைப் பக்கம் வந்ததும் உடம்பில் வெக்கை தட்டும்.

காற்றுக்குக் காளஹஸ்தி. அங்கே ராகு கேது பூஜைக்கென்றே பெருங்கூட்டம் வரும். உங்களுக்குச் சாதாரண தரிசன வரிசை போதும். கருவறையில் விளக்குச் சுடரைக் கவனியுங்கள். காற்று புக வழியில்லாத இடத்தில் அது அசைந்துகொண்டே இருக்கும்.

நிலத்துக்குக் காஞ்சி. ஏகாம்பரநாதர் மணல் லிங்கம். அதனால் லிங்கத்துக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, அதன் பீடமான ஆவுடையாருக்குத்தான். வெள்ளம் வந்தபோது அம்பாள் கட்டியணைத்துக் காத்த லிங்கம் என்பார்கள். பிராகாரத்து மாமரத்தடியில் கொஞ்ச நேரம் மண்ணுக்கு அருகில் உட்காருங்கள்.

கடைசியில் சிதம்பரம். நடராஜரின் வலப்பக்கம் ஒரு திரை தொங்கும். அதை விலக்கினால் தங்க வில்வமாலைகள், பின்னால் உருவம் எதுவும் இல்லை. அந்த வெட்டவெளிதான் ஆகாய லிங்கம், சிதம்பர ரகசியம் என்பதும் அதுதான். பலர் நடராஜரை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் தீட்சிதரிடம், “சாமி, ரகசியம் பார்க்கணும்” என்று கேளுங்கள்.